செத்த எலியைத் தொடாத பால் பைத்தான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பால் பைத்தான் (ball python, பந்தாகச் சுருளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு; இங்கே ‘பால்’ என்றால் பந்து) வளர்க்கிற யாரிடமும் பேசிப் பாருங்கள், பேச்சு எங்கே தொடங்கினாலும் சாப்பாட்டில்தான் வந்து நிற்கும். விற்றவர் உயிருள்ள எலியைப் போட்டுப் பழக்கியிருப்பார். நீங்கள் கடையில் உறைந்த எலி வாங்கி, பனி உருக்கி, ஆசையாக நீட்டினால் அது முகத்தைத் திருப்பிக்கொண்டு சுருண்டுவிடும். கீழே இருப்பவை என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள். நான் வளர்ப்பது பால் பைத்தான் என்பதால் பதில்களும் பெரும்பாலும் அதைப் பற்றியவைதான். வேறு பாம்பு வைத்திருப்பவர்களுக்குக் கடைசிப் பக்கம் கொஞ்சம் இருக்கிறது.

காட்டில் உயிருள்ள இரையைத்தானே பிடிக்கிறது, வீட்டில் மட்டும் ஏன் செத்த எலி?

காட்டில் எலிக்கு ஓட இடம் இருக்கிறது, பாம்புக்கும் விலகிப் போக இடம் இருக்கிறது. கண்ணாடித் தொட்டிக்குள் இரண்டுக்கும் வழி கிடையாது. பாம்புக்குப் பசியில்லாத நாளில் உள்ளே விட்ட எலி, இரவு முழுக்க அங்கேயே இருந்தால், பயத்திலோ பசியிலோ பாம்பையே கடிக்கத் தொடங்கும். முதுகுச் சதை போய் எலும்பு தெரிகிற அளவுக்குக் கடிபட்ட பாம்புகளை ஊர்வன மருத்துவர்கள் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். பால் பைத்தான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி, திருப்பித் தாக்காமல் தலையை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும், எலிக்கு அது வசதி.

எலியின் வேதனையும் கணக்கில் வர வேண்டியதுதான். பிரிட்டனில் 2006-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் இரையாகும் எலியையும் பாதுகாக்கிறது, அதனால் அங்கே உறைந்த எலிதான் வழக்கம். அப்புறம் வசதி என்று ஒன்று இருக்கிறது: இரண்டு மாதத்துக்கு வேண்டியதை ஒரே தடவையில் வாங்கி ஃப்ரீசரில் போட்டுவிடலாம், வாரா வாரம் கடைக்கு ஓட வேண்டாம்.

என் பாம்பு ரொம்ப அடம்பிடிக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

எலியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், தொட்டியிலிருந்து ஆரம்பியுங்கள். அடம் என்று நாம் பெயர் வைப்பதில் பெரும்பகுதி குளிரும் பயமும்தான். இந்த ஒன்றைச் சரிசெய்யாமல் மீதி எல்லா வித்தையும் செய்து பார்த்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

தொட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும், மறுபக்கம் 25 முதல் 27. இதைக் கையை வைத்துப் பார்த்துச் சொல்ல முடியாது, தொட்டியின் மேலே ஒட்டியிருக்கிற வட்ட முள் மீட்டரையும் நம்பாதீர்கள், அது காட்டுவது கண்ணாடி மேலிருக்கும் காற்றின் வெப்பத்தை. பாம்பு படுக்கிற தரையில் டிஜிட்டல் மீட்டரின் முனையை வைத்துப் பாருங்கள். ஹீட் மேட்டோ (சூடு தரும் விரிப்பு) விளக்கோ, எதுவாக இருந்தாலும் தெர்மோஸ்டாட் (வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாமல் ஓட்டக் கூடாது, அடிவயிறு வெந்துபோன பாம்புகள் உண்டு. ஈரப்பதம் 55 முதல் 70 சதவீதம். கனடா, அமெரிக்கா, ஐரோப்பா பக்கம் இருப்பவர்கள் குளிர்காலத்தில் வீட்டு ஹீட்டர் ஓடத் தொடங்கியதும் இதை இன்னொரு முறை அளந்து பாருங்கள், அறை கதகதப்பாக இருக்கும், காற்று மட்டும் காய்ந்து கிடக்கும்.

அடுத்தது ஒளிந்துகொள்ளும் இடம். மேற்கு ஆப்பிரிக்காவில், கானா, டோகோ, பெனின் பக்கம், இந்தப் பாம்புகள் பகலை எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் கழிக்கின்றன. நாம் அதைக் கொண்டுவந்து நாலு பக்கமும் வெளிச்சம் அடிக்கிற கண்ணாடிக்குள் வைத்துவிட்டு ஏன் சாப்பிடவில்லை என்கிறோம். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என்று இரண்டு ஒளிவிடங்கள் வேண்டும், உடம்பு மூன்று பக்கமும் சுவரில் உரசுகிற அளவுக்கு இறுக்கமாக. தொட்டியின் மூன்று பக்கத்தையும் கறுப்புத் தாள் ஒட்டி மறைத்த பிறகு அந்த வாரமே சாப்பிட்ட பாம்புகளைப் பார்த்திருக்கிறேன்.

புதிதாக வாங்கி வந்த பாம்பு என்றால் முதல் வாரம் முழுக்கத் தண்ணீர் மாற்றுவதைத் தவிர வேறு எதற்கும் கை வைக்காதீர்கள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டி, தோளில் போட்டுப் படம் எடுத்துவிட்டு அன்று இரவே எலியை நீட்டினால் அது எப்படிச் சாப்பிடும்?

எத்தனை நாள் பட்டினி தாங்கும்?

நீங்கள் நினைப்பதைவிட ரொம்ப அதிகம். நல்ல உடம்புள்ள வளர்ந்த பால் பைத்தான் குளிர்காலத்திலோ இனப்பெருக்கப் பருவத்திலோ மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருப்பது சாதாரணம். சட்டை உரிப்பதற்கு முன்னால், கண் நீலம் பாய்ந்து தோல் மங்கலாக இருக்கும் நாட்களிலும் பெரும்பாலும் வேண்டாம் என்றுவிடும். உரித்து முடித்த இரண்டு மூன்று நாளில் கொடுத்துப் பாருங்கள், அது நல்ல நேரம்.

நாளை எண்ணிக்கொண்டிருக்காமல் எடையைப் பாருங்கள். சமையலறைத் தராசு ஒன்றைப் பாம்புக்கென்று தனியாக வாங்கி, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கிராம் கணக்கில் எழுதி வையுங்கள். எடை அப்படியே நின்றால் கவலையே வேண்டாம். 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், முதுகெலும்பு கூரை மாதிரித் தூக்கித் தெரிந்தால், மருத்துவர். குட்டிகளுக்கு இந்தப் பொறுமை பொருந்தாது, அவற்றுக்குச் சேமிப்பு குறைவு, மூன்று நான்கு வாரம் தொடர்ந்து மறுத்தால் யாரிடமாவது காட்டிவிடுவது நல்லது.

உறைந்த எலியை எப்படித் தயார் செய்வது?

எல்லாமே இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பால் பைத்தானின் மேலுதட்டில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். வெப்பத்தை உணர்கிற குழிகள் அவை. இருட்டில் எலியின் உடல் சூடு அதற்கு அந்தக் குழிகள் வழியாகத் தெரிகிறது. அறை வெப்பத்தில் கிடக்கிற எலி அதைப் பொறுத்தவரை தரையோடு தரையாகக் கலந்துபோன ஒரு பொருள், நாக்கை நீட்டி முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

முதல் நாள் இரவே எலியைப் பையோடு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். பெரிய எலி என்றால் ஒரு முழு நாள் பிடிக்கும். கொடுப்பதற்கு அரைமணி முன்னால், காற்றை வெளியேற்றிய ஜிப் பையில் போட்டு, கை பொறுக்கிற சூட்டில் இருக்கும் தண்ணீரில் முக்கி வையுங்கள், தண்ணீர் ஆறினால் மாற்றுங்கள். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், வெளியே வெந்து உள்ளே பனிக்கட்டியாக இருக்கும், பாம்பு சுற்றி நெரித்தால் எலியின் வயிறு வெடித்துவிடும். மைக்ரோவேவ் பக்கமே போகாதீர்கள். ஏன் என்று கேட்பவர்கள் வேண்டுமானால் செய்து பாருங்கள், சுத்தம் செய்வதும் நீங்கள்தான்.

வயிற்றையும் தொடையிடுக்கையும் விரலால் அழுத்திப் பாருங்கள், உள்ளே கட்டியாக எதுவும் தட்டுப்படக் கூடாது. மேல்தோல் 38 முதல் 40 டிகிரி வரை இருந்தால் போதும், துப்பாக்கி மாதிரி இருக்கிற அகச்சிவப்பு வெப்பமானி மலிவாகவே கிடைக்கிறது, ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஈர எலியைச் சில பாம்புகள் தொடாது, டிஷ்யூ பேப்பரில் துடைத்துவிட்டு ஹேர் டிரையரைக் காட்டுங்கள். தலைப்பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சூடு இருக்கட்டும், பாம்பு குறி வைப்பது அங்கேதான். டிரையரைத் தொட்டி இருக்கும் அறையிலேயே போட்டால் வாடையும் பரவிவிடும், நீங்கள் திறப்பதற்கு முன்பே தலை வெளியே வந்து காத்திருக்கும். வீட்டில் மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு பெரிய எலி?

பாம்பின் உடம்பில் தடித்த இடம் எவ்வளவோ அவ்வளவு, அல்லது அதைவிடச் சற்றே தடிமன். குட்டிக்கு அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம், வளர்ந்ததற்கு 5 சதவீதத்தை ஒட்டி. மறுக்கிற பாம்புக்கு வழக்கத்தைவிட ஒரு அளவு சிறியதைக் கொடுத்துப் பாருங்கள், பெரிய இரையைப் பார்த்துப் பயப்படுகிற பாம்புகள் நிறைய.

நீட்டும்போது பின்வாங்குகிறது, என்ன தப்பாகச் செய்கிறேன்?

பெரும்பாலும் ஆட்டம் அதிகமாகிவிடுகிறது. எலியை மூக்கில் இடிப்பது, தலைக்கு மேலே தொங்கவிட்டு ஆட்டுவது, இதெல்லாம் பருந்து வருகிற மாதிரிதான் பாம்புக்குப் படும்.

இரவில் விளக்கை அணைத்துவிட்டு, வேறு அறையிலிருந்து வருகிற மங்கலான வெளிச்சத்தில் செய்யுங்கள். ஒரு முழத்துக்குக் குறையாத நீளமுள்ள இடுக்கி வேண்டும், கையால் கொடுத்தால் எலிக்குப் பதில் சூடான விரலைத்தான் பிடிக்கும். எலியின் தோளுக்குப் பின்னால் பிடித்து, ஒளிவிடத்தின் வாசலுக்குக் கொஞ்சம் தள்ளித் தரையோடு தரையாக நகர்த்துங்கள். ஒரு இழு, நிறுத்து, இன்னொரு சின்ன இழு. நாக்கு வேகமாக வரத் தொடங்கி, கழுத்து வளைந்து பின்னால் போனால் அது தயாராகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் நீங்கள் அசையாமல் இருப்பதுதான் கஷ்டமான வேலை. பாய்ந்து பிடித்ததும் இரண்டு மூன்று விநாடி லேசாக எதிர்த்து இழுங்கள், உயிரோடு இருக்கிற இரை திமிறுவதாக நினைத்து இறுக்கிக்கொள்ளும். அப்புறம் இடுக்கியை மெதுவாக எடுத்துவிட்டு அறையை விட்டு வெளியே போங்கள், கைப்பேசியில் படம் எடுக்கிற வேலையெல்லாம் அடுத்த தடவை.

ஐந்து பத்து நிமிடத்தில் பிடிக்கவில்லை என்றால் வாசலருகே ஒரு சின்னத் தட்டில் வைத்து, தொட்டியை மூடித் துணி போட்டுவிட்டுப் படுக்கப் போங்கள். கூச்சமுள்ள பாம்புகள் யாரும் பார்க்காதபோது அதிகாலையில் எடுத்துக்கொள்ளும். காலையில் இருந்தால் தூக்கி எறியுங்கள், மறுபடி உறைய வைக்கக் கூடாது.

நாளைக்கே மறுபடி கொடுத்துப் பார்க்கலாமா?

கூடாது. குட்டிக்கு ஒரு வாரம், பெரியதற்கு 10 முதல் 14 நாள் இடைவெளி விடுங்கள். தினமும் தொட்டியைத் திறந்து செத்த எலியைக் காட்டிக்கொண்டிருந்தால் அந்த வாடைக்கே ஒதுங்கத் தொடங்கிவிடும்.

எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உயிருள்ளதைத் தவிர எதையும் தொட மாட்டேன் என்கிறது. அடுத்து?

படிப்படியாக இறங்க வேண்டும். உயிருள்ள எலியிலிருந்து நேரே உறைந்த எலிக்குத் தாவாமல், நடுவில் அப்போதுதான் கொல்லப்பட்ட எலி ஒன்றிரண்டு தடவை. உடம்புச் சூடும் வாடையும் அப்படியே இருப்பதால் பெரும்பாலான பாம்புகளுக்கு வித்தியாசம் தெரியாது. அதை இடுக்கியில் வாங்கப் பழகியபிறகு உறைந்ததை நன்றாகச் சூடாக்கிக் கொடுங்கள். எலி விற்கிறவர்கள் சிலர் கேட்டால் அங்கேயே கொன்று கொடுப்பார்கள். நீங்களே செய்வதானால் முறையாகக் கற்றவர் ஒருவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். உயிரோடு ஃப்ரீசரில் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம், அது மெதுவான, கொடுமையான சாவு.

வாடையை மாற்றிப் பார்ப்பது அடுத்த வழி. உயிருள்ள எலிகள் கிடந்த மரத்தூளைக் கொஞ்சம் வாங்கி வந்து, உருகிய எலியை அதில் புரட்டி எடுங்கள். செலவே இல்லாத வேலை, ஆச்சரியப்படும் அளவுக்குப் பலிக்கும். ஜெர்பில் (பாலைவன எலி வகை) கூண்டின் தூள் இன்னும் நன்றாக வேலை செய்யும் என்பார்கள். காட்டில் சிறிய பால் பைத்தான்கள் பறவைகளையும் தின்னும், அதனால் கோழிக்குஞ்சின் மேல் தேய்த்த எலியை எடுத்துக்கொள்கிற பாம்புகளும் உண்டு. ஏஎஸ்எஃப் என்று கடைகளில் விற்கிற ஆப்பிரிக்க மென்மயிர் எலி அதன் சொந்த மண்ணின் இரை, பார்த்ததும் பாயும். ஆனால் அதற்குப் பழகிவிட்டால் அப்புறம் வேறெதையும் தொடாது, உங்கள் ஊரில் அது எப்போதும் கிடைக்குமா என்று யோசித்துவிட்டு இறங்குங்கள்.

எலியின் மண்டையில் ஊசியால் துளையிட்டு உள்ளே இருப்பது கொஞ்சம் கசிய விடுவது பழைய வித்தை. கேட்கவே அருவருப்பாக இருக்கும், ஆனால் முகர்ந்து பார்த்துவிட்டுத் தயங்கி நிற்கிற பாம்பைத் தள்ளிவிட இதைவிட வலுவான வாடை இல்லை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

குட்டிகளுக்கு இடத்தைச் சுருக்குவது உதவும். காற்றுத் துளையிட்ட சின்ன டப்பாவில் பாம்பையும் சூடான எலிக்குஞ்சையும் ஒன்றாக வைத்து, அதைத் தொட்டியின் சூடான பக்கத்திலேயே இரவு முழுக்க விட்டுவிடலாம். பெரிய பாம்பை இப்படி இடம் மாற்றினால் பயந்துதான் போகும், அதற்கு வேண்டாம்.

சுண்டெலி மட்டும்தான் சாப்பிடுகிறது, பெரிய எலிக்கு மாற்றுவது எப்படி?

சுண்டெலியையும் அதே அளவுள்ள எலிக்குட்டியையும் ஒரே பையில் போட்டு உருக்குங்கள், வாடை ஏறிவிடும். அல்லது சுண்டெலியை விழுங்கி முடிக்கிற தறுவாயில், வாய் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும்போதே, எலிக்குட்டியின் தலையைப் பின்னாலேயே நீட்டுங்கள், பல பாம்புகள் சேர்த்தே விழுங்கிவிடும். இரண்டும் சேர்ந்து வழக்கமான ஒரு சாப்பாட்டின் அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாறவே இல்லை என்றால் சுண்டெலியையே எண்ணிக்கையைக் கூட்டிக் கொடுத்தாலும் பாம்பு நன்றாகத்தான் இருக்கும், உங்கள் பர்ஸுக்குத்தான் கஷ்டம்.

பாய்ந்து பிடிக்கிறது, அப்புறம் விட்டுவிடுகிறது. ஏன்?

எலி ஆறிப்போயிருக்கும், இல்லை நீங்கள் அருகிலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள். சில பாம்புகள் இரைக்காக இல்லாமல் பயத்தில் கொத்திவிட்டு விடுவதும் உண்டு. அப்படியே வைத்துவிட்டுப் போங்கள், காலையில் காணாமல் போயிருக்க நல்ல வாய்ப்பு.

சாப்பிட்டதைக் கக்கிவிட்டது!

உடனே இன்னொன்று கொடுக்காதீர்கள். இரண்டு வாரம் வயிற்றுக்கு ஓய்வு, தண்ணீர் மட்டும். அதன்பின் பாதி அளவுள்ள எலி. காரணம் அனேகமாகத் தொட்டியின் குளிர், எலிக்குள் பனி, பெரிய இரை, அல்லது சாப்பிட்ட கையோடு தூக்கி விளையாடியது. சாப்பிட்டபின் 48 மணி நேரம் தொடக் கூடாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். இரண்டாவது முறையும் கக்கினால் மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.

பால், முட்டை, கோழிக்கறி கொடுக்கலாமா? ஊரில் புற்றுக்குப் பால் ஊற்றுகிறார்களே?

புற்றுக்கு ஊற்றுவது வழிபாடு, அதைச் சாப்பாட்டு அட்டவணையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாம்புக்குப் பால் செரிக்காது, தாகத்தில் தவிக்கிற பாம்பு எந்தத் திரவத்தையும் குடிக்கும், அவ்வளவுதான். முட்டையை மட்டுமே தின்று வாழ்கிற பாம்புகள் ஆப்பிரிக்காவில் உண்டு, ஆனால் அது வேறு இனம். கோழிக்கறித் துண்டில் எலும்பும் ஈரலும் குடலும் கிடையாது. முழு எலி என்பதே முழுச் சாப்பாடு, கால்சியம் உட்பட எல்லாம் அதில் இருக்கிறது, தனியாக மருந்துப்பொடி எதுவும் தேவைப்படாது.

வாயைத் திறந்து திணித்துவிடலாமா?

வேண்டாம். தாடை, பல், தொண்டை எது வேண்டுமானாலும் கிழியலாம், பயத்தில் அடுத்த மாதமும் சாப்பிடாமல் போகலாம். எடை நிஜமாகவே விழுந்துகொண்டிருக்கிற குட்டிக்கு மருத்துவரோ அனுபவமுள்ள வளர்ப்பாளரோ நேரில் இருந்து செய்ய வேண்டியது அது, காணொளி பார்த்துச் செய்கிற வேலை இல்லை.

மருத்துவரிடம் எப்போது?

மூச்சில் விசில் சத்தம், மூக்கிலோ வாயிலோ குமிழி, வாயைத் திறந்தபடி மேலே பார்த்துக்கொண்டிருப்பது, ஈறில் சீழ், செதில்களுக்கு நடுவில் ஊர்கிற கறுப்புப் புள்ளி மாதிரியான உண்ணிகள். இவற்றில் ஒன்று இருந்தாலும் சாப்பாட்டுச் சோதனையை நிறுத்திவிட்டு ஊர்வன பார்க்கிற மருத்துவரிடம் போங்கள். நாய் பூனை மட்டும் பார்க்கிறவரிடம் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நாங்கள் சாப்பிடுகிற ஃப்ரீசரிலேயே எலியை வைக்கலாமா?

தனியாகச் சின்ன ஃப்ரீசர் இருந்தால் நல்லது, அம்மாவோ மனைவியோ கணவரோ மீன் எடுக்கப் போய் எலியை எடுத்துவிட்டால் அதற்கப்புறம் பாம்பு வீட்டில் இருக்குமா என்பதே சந்தேகம். இல்லையென்றால் மூடி உள்ள டப்பாவில், பெயர் எழுதி ஒட்டி, கீழே ஒரு மூலையில். உறைய வைப்பதால் சால்மோனெல்லா கிருமி சாவதில்லை என்பதை மறக்க வேண்டாம். உருக்குகிற பாத்திரம், இடுக்கி, தட்டு எல்லாம் தனி, சமையல் தொட்டியில் கழுவக் கூடாது, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கிற வீட்டில் இதில் சலுகையே இல்லை.

ஹாக்நோஸ், கார்ன் பாம்புக்கும் இதே வழியா?

சூடாக்குவதும் காத்திருப்பதும் பொது, வாடைதான் மாறும். ஹாக்நோஸ் காட்டில் தேரை தின்கிற பாம்பு, தேரை வாடையோ, உப்பில்லாத டின் மீனின் தண்ணீரோ தடவிய எலிக்குஞ்சை எடுத்துக்கொள்ளும். கார்ன் பாம்புக் குட்டிகளில் சில பல்லி வாடைக்கு மசியும். இவை இரண்டுக்கும் உதட்டில் வெப்பக் குழிகள் கிடையாது, அதனால் சூட்டைவிட வாடைக்கு மெனக்கெடுங்கள்.

இந்தியாவில் பால் பைத்தான் வளர்க்கலாமா?

நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க முடியாது, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. பால் பைத்தான் வெளிநாட்டு இனம், சைட்டிஸ் ஒப்பந்தத்தின் (காட்டுயிர்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்துவது) இரண்டாம் பட்டியலில் இருப்பது. 2022 சட்டத் திருத்தமும் 2024-இல் வந்த விதிகளும் இப்படிப்பட்ட விலங்குகளை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. பதிவுத் தாள் இல்லாமல் ஒருவர் மலிவாக விற்றால் வாங்காதீர்கள். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குப் பதில் சுருக்கம்: அங்கே பாம்பைச் செல்லப்பிராணியாக வைத்துக்கொள்ளவே அனுமதி இல்லை.